சந்தேகத்துக்கு யார் காசு கொடுப்பது?

(சூலக்கரையில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சூலக்கரைக்கு வந்து காசினோவைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், கூட்டம் நடத்துகிறவர்கள் என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கத்தானே செய்வார்கள்? இங்கே காசினோ கிடையாது. விருதுநகரில் கிடையாது, சாத்தூரில் கிடையாது, சிவகாசியில் கிடையாது. தமிழ்நாட்டிலேயே கிடையாது. அப்புறம் எதற்கு இந்தப் பேச்சு?

சந்தேகத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தப்பு எதுவும் செய்யாத ஒரு சாதாரண மனிதர் மேல், "இவன் ஏதோ செய்கிறான்" என்று விழுகிற சந்தேகம். கோவலன் கதையை இழுக்கப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். அதை இழுக்காத மேடை தமிழ்நாட்டில் இல்லை. நான் சொல்ல வந்தது, எண்களால் அளந்து பார்க்கக்கூடிய ஒரு சந்தேகம். அது காசினோவின் பிளாக்ஜாக் மேசையில் இருக்கிறது. ஆடப் போங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே எழுதி வைத்திருக்கிறார், அதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது?

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். சீட்டு தெரியாதவர்களும் இருப்பீர்கள்.

உங்களுக்கு இரண்டு சீட்டு. மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிற டீலருக்கு இரண்டு சீட்டு. கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டக் கூடாது. தாண்டாமல் டீலரைவிட அதிகம் வைத்திருந்தால் நீங்கள் ஜெயித்தீர்கள். ராஜா, ராணி, ஜாக்கி எல்லாம் 10. ஆஸ் ஒன்றாகவும் இருக்கலாம், பதினொன்றாகவும் இருக்கலாம். இன்னொரு சீட்டு வேண்டுமென்றால் கேட்டு வாங்கலாம். டீலருக்கு மட்டும் அந்தச் சுதந்திரம் கிடையாது. 16 வரை இருந்தால் வாங்கியே ஆக வேண்டும். ஆட்டம் இவ்வளவுதான்.

இதில் எண்ணுவது என்றால் என்ன? ஆடி முடித்த சீட்டு உடனே கட்டுக்குத் திரும்பாது. ஓரமாகப் போய்விடும். மறுபடி கலைக்கும்வரை மிச்சமிருக்கும் சீட்டில்தான் ஆட்டம். சின்னச் சீட்டெல்லாம் வெளியே வந்துவிட்டால் உள்ளே இருப்பது பெரிய சீட்டு. பெரிய சீட்டு நிறைய இருந்தால் ஆடுகிறவருக்கு நல்லது. டீலர் வாங்கியே ஆக வேண்டிய கட்டாயத்தில் வாங்கி 21-ஐத் தாண்டிப் போவார். எண்ணுகிறவர் என்ன செய்கிறார்? 2 முதல் 6 வரை எது வந்தாலும் மனசுக்குள் ஒன்று கூட்டுகிறார். 10, படச் சீட்டு, ஆஸ் வந்தால் ஒன்று கழிக்கிறார். 7, 8, 9 வந்தால் சும்மா இருக்கிறார். எண் ஏறினால் பணத்தைக் கூட்டி வைக்கிறார், இறங்கினால் குறைத்து வைக்கிறார். கண்கட்டு வித்தை இல்லை, மறைவாக எந்தக் கருவியும் இல்லை. எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற சீட்டைத்தான் அவரும் பார்க்கிறார். அமெரிக்காவின் நெவாடாவில், லாஸ் வேகஸ் இருக்கிற அதே மாநிலத்தில், மனசுக்குள் எண்ணுவது குற்றமே இல்லை. ஆனால் காசினோ "வெளியே போ" என்று சொல்லலாம்.

இந்த வித்தையை உலகத்துக்குச் சொன்னவர் எட்வர்ட் தோர்ப் என்ற கணிதப் பேராசிரியர். அவருக்கு முன்பே 1956-ல், அமெரிக்க ராணுவத்தில் வேலை பார்த்த நான்கு பேர், மேசைக் கணக்குப்பொறியை வைத்துக்கொண்டு, எந்தக் கைக்கு என்ன ஆட வேண்டும் என்று கணக்கிட்டு வெளியிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு, ஐபிஎம் 704 கணினியில் போட்டு மேலும் துருவியவர் தோர்ப். 1962-ல் ‘பீட் த டீலர்’ என்ற புத்தகம் வந்தது. புத்தகம் விற்றது, சும்மா விற்கவில்லை, சக்கைப்போடு போட்டது.

இப்போது கவனியுங்கள். காசினோக்காரர்கள் பயந்து போனார்கள். 1964 ஏப்ரலில் லாஸ் வேகஸ் காசினோக்கள் கூடிப் பேசி ஆட்ட விதியையே மாற்றின. எப்போது பந்தயத்தை இரட்டிப்பாக்கலாம், எந்த ஜோடியைப் பிரித்து ஆடலாம் என்பதையெல்லாம் இறுக்கிவிட்டார்கள். யாருக்காக? எண்ணுகிற விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்காக. அடி யார் மேல் விழுந்தது? எண்ணத் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் மேல். அவர்கள் என்ன செய்தார்கள்? சண்டை போடவில்லை, மனு கொடுக்கவில்லை. மேசையை விட்டு எழுந்து போய்விட்டார்கள். கூட்டம் குறைந்தது, டீலர்களுக்கு விழுகிற டிப்ஸ் குறைந்தது, கல்லாவில் வித்தியாசம் தெரிந்தது. சில வாரங்களுக்குள் பழைய விதியே திரும்பி வந்தது.

இந்தச் சம்பவத்தை நான் விரிவாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. காசினோ தன் சந்தேகம் தப்பு என்று அவ்வளவு சீக்கிரம் திருத்திக்கொண்டது அந்த ஒருமுறைதான் என்று தோன்றுகிறது. ஏன் திருத்திக்கொண்டது? தப்பு கல்லாவில் தெரிந்தது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நடந்தது இன்னும் வேடிக்கை. புத்தகத்தைப் படித்தவர்களில் பெரும்பாலோருக்கு எண்ண வரவில்லை. ஆனால் வருகிறது என்ற நினைப்பு வந்துவிட்டது. பணத்தோடு வந்தார்கள், தோற்றுவிட்டுப் போனார்கள். காசினோவை வெல்லச் சொல்லிக் கொடுத்த புத்தகமே காசினோவுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தது!

சரி, இனி நம்ம ஊர்க்காரர் ஒருவரை அங்கே அனுப்பிப் பார்ப்போம். கற்பனைதான். விருதுநகரில் ஒரு வத்தல் கமிஷன் கடையில் கணக்கப்பிள்ளையாக இருக்கிறார். முப்பது வருஷமாகக் கணக்கு எழுதுகிறார். முண்டு வத்தல் என்ன விலை, மல்லி என்ன விலை, எத்தனை மூடை, தரகு எவ்வளவு, மகமை எவ்வளவு, எல்லாம் வாய்க்கணக்கு. கூட்டும்போது உதடு லேசாக அசையும், அது பழக்கம். முதலாளி சந்தோஷப்பட்டு ஆட்களைக் கோவாவுக்குச் சுற்றுலா கூட்டிப் போகிறார். பணஜியில் மாண்டவி ஆற்றில் கப்பல் நிற்கிறது. கோவாவின் 1976-ஆம் வருஷத்துச் சூதாட்டச் சட்டத்தைத் திருத்தி, கப்பலில் காசினோ நடத்த அனுமதித்திருக்கிறார்கள். வந்தது வந்தோம், பார்த்துவிட்டுப் போவோமே என்று இவரும் ஏறுகிறார்.

என்ன செய்கிறார்? முதலில் மேசைக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்க்கிறார். நம் ஆள் எதையும் பார்க்காமல் காசு போடுவாரா? பத்து ஆட்டம் பார்த்த பிறகு நடுவில் உட்காருகிறார். எண்ணுகிறவரும் அப்படித்தான் உட்காருவார், கட்டில் பெரிய சீட்டு மிஞ்சும்வரை காத்திருந்து. குடிக்கக் கொடுத்ததை இவர் தொடவில்லை. இவர் பழக்கம் அது. எண்ணுகிறவரும் தொட மாட்டார், மூளை தெளிவாக இருக்க வேண்டும். இவர் தன் சீட்டை மட்டும் பார்க்காமல் எல்லார் சீட்டையும் பார்க்கிறார். புதுசு, ஆட்டம் புரிய வேண்டுமே. எண்ணுகிறவரும் பார்ப்பார். முதலில் ஐந்நூறு வைக்கிறார். நாலு கை வரிசையாக ஜெயிக்கிறது. "இன்னைக்கு நம்ம நேரம்" என்று மூவாயிரம் வைக்கிறார். எண்ணுகிறவரும் இப்படித்தான் திடீரென்று ஏற்றுவார். கூட்டுத்தொகையைப் பார்க்கும்போது இவர் உதடு அசைகிறது. கூரையில் இருக்கிற கேமரா அதையும் பார்க்கிறது.

கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்து தோளைத் தொடுகிறார். மேசைகளை மேற்பார்க்கிறவர், பிட் பாஸ் என்பார்கள். ரொம்ப மரியாதையாகச் சொல்கிறார்: "சார், உங்கள் ஆட்டம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. வேறு எந்த ஆட்டம் வேண்டுமானாலும் ஆடுங்கள், பிளாக்ஜாக் வேண்டாம்."

கணக்கப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன பதில் சொல்வார்? "நான் எண்ணவில்லை" என்பார். எண்ணுகிறவரும் அதைத்தான் சொல்வார்! செய்யவில்லை என்பதை எதை வைத்து நிரூபிப்பது? பையைச் சோதனை போட்டால் ஒன்றும் இல்லை என்று காட்டலாம். மனசுக்குள் எண் ஓடவில்லை என்று எதைத் திறந்து காட்டுவது?

"ஜெயித்த பணத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாமே" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. கணக்கப்பிள்ளை ஊரில் பேசுகிறேன், கணக்கு சொல்லாமல் விட முடியுமா?

கைக்கு ஆயிரம் ரூபாய் வீதம் நூறு கை ஆடுகிறோம் என்று வையுங்கள். புத்தகத்தில் சொன்னபடி பிசகாமல் ஆடுகிற, ஆனால் எண்ணாத ஒருவருக்கு, சராசரியாக ஐந்நூறு ரூபாய் போகும். நன்றாக எண்ணுகிறவருக்குச் சராசரியாக ஆயிரம் ரூபாய் சுமார் வரும். இருவருக்கும் நடுவே வித்தியாசம் ஆயிரத்து ஐந்நூறு. ஆனால் அதிர்ஷ்டம் எவ்வளவு ஆட்டும் தெரியுமா? நூறு கையில் பதினோராயிரம் ரூபாய் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போவது சர்வ சாதாரணம். பதினோராயிரம் ஆடுகிற தராசில் ஆயிரத்து ஐந்நூறை நிறுத்துப் பார்க்க முடியுமா? ஒரு ராத்திரி ஜெயித்ததை வைத்து ஒருவரை எண்ணுகிறவர் என்று சொல்வதும், கிளி எடுத்த சீட்டை வைத்துச் சொல்வதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இன்னொரு கணக்கு. இது இதைவிட முக்கியம். ஒரு காசினோவுக்கு ஆயிரம் பேர் வருகிறார்கள். அதில் எண்ணுகிறவர் ஐந்து பேர் என்று வைப்போம். காவல் பார்க்கிறவர் மகா கெட்டிக்காரர். ஐந்து பேரையும் பிடித்துவிடுகிறார். மற்றவர்கள் விஷயத்தில் நூற்றுக்கு இரண்டு தடவை மட்டும் தவறுகிறார். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரி! நம் பிள்ளைகள் வாங்கினால் இனிப்பு கொடுத்துக் கொண்டாடுவோம். ஆனால் மிச்சமுள்ள 995 பேரில் நூற்றுக்கு இரண்டு என்றால் இருபது பேர். மொத்தம் பிடிபட்டவர் இருபத்தைந்து. அதில் நிஜமாக எண்ணியவர் ஐந்து, ஒன்றும் அறியாதவர் இருபது. கண் இவ்வளவு கூர்மையாக இருந்தாலும் சரி, தேடுகிற ஆள் அரிதாக இருந்தால், பிடிபடுகிறவர்களில் அப்பாவிகளே அதிகம் இருப்பார்கள்.

இது உங்களுக்குத் தெரியாத விஷயமா? தீபாவளிக்கு முன்னால் சிவகாசியிலிருந்து ரயிலேறிப் பாருங்கள். ரயிலில் பட்டாசு கொண்டு போவது குற்றம். ரயில்வே சட்டத்தின்படி மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சோதனை போட வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சிவகாசியிலிருந்து அட்டைப்பெட்டியோடு கிளம்புகிறவர் எல்லாரும் பட்டாசா கொண்டு போகிறார்கள்? அந்த ஊரில் காலண்டர் அடிக்கிறார்கள், டைரி அடிக்கிறார்கள், லேபிள் அடிக்கிறார்கள். காலண்டரும் அட்டைப்பெட்டியில்தான் போகிறது. ஒரு நல்ல விஷயம், அந்தப் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிடலாம். நாலு முழம் கயிற்றை அவிழ்த்தால் சந்தேகம் தீர்ந்தது. கணக்கப்பிள்ளையின் மண்டையை அப்படி அவிழ்க்க வழி இல்லை.

இனி, இந்தப் பேச்சின் நடு விஷயத்துக்கு வருகிறேன். காசினோக்காரர்கள் முட்டாள்களா? இல்லை. கணக்கில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். இருபது அப்பாவிகளை அனுப்பினால் நஷ்டம் யாருக்கு? காசினோவுக்குத்தான்! அந்த இருபது பேரும் இருந்து ஆடியிருந்தால் தோற்றிருப்பார்கள். புத்தகப்படி ஆடத் தெரியாதவர் நூறு ரூபாய் வைத்தால் சராசரியாக ஏறக்குறைய இரண்டு ரூபாய் விட்டுவிட்டுப் போவார். சோறு போடுகிற வாடிக்கையாளரையே அடித்துத் துரத்துகிறார்கள். அப்படியும் ஏன் செய்கிறார்கள்?

அந்த நஷ்டத்தை எழுத அவர்கள் பேரேட்டில் பக்கம் இல்லை. எண்ணுகிறவர் ஒருவர் தப்பித்து இரண்டு லட்சத்தோடு போய்விட்டால் மறுநாள் காலையில் விசாரணை: யார் பணியில் இருந்தது, ஏன் பார்க்கவில்லை? ஆனால் அப்பாவி ஒருவரை அனுப்பிவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? அவர் திரும்பி வந்து, "ஐயா, நான் அன்றைக்கு எண்ணவே இல்லை, இதோ அத்தாட்சி" என்று காட்டப் போகிறாரா? அவர் போனவர் போனவர்தான். ஆக, பிட் பாஸ் தன் வேலைக்காலம் முழுவதும் தான் அனுப்பிய ஒவ்வொருவரும் எண்ணுகிறவர்தான் என்று நம்பிக்கொண்டே ஓய்வு பெறலாம். அவர் தப்பு அவருக்குத் தெரியவே தெரியாது. தப்பு தெரியாத இடத்தில் தப்பு எப்படிக் குறையும்?

தெரிய வந்த இடங்களும் உண்டு. கிரிஃபின் என்று லாஸ் வேகஸில் ஒரு துப்பறியும் நிறுவனம் இருந்தது. சந்தேகப்பட்டவர்கள் படத்தையெல்லாம் சேர்த்துப் புத்தகமாக்கிக் காசினோக்களுக்குக் கொடுத்து வந்தது. மோசடிக்காரன் படமும் அதில் இருக்கும், வெறுமனே திறமையாக ஆடுகிறவர் படமும் அதிலேயே இருக்கும். 2000-ல், அந்த நிறுவனம் சொன்னதை வைத்து ஜேம்ஸ் கிரோஸ்ஜீன், மைக்கேல் ரூசோ என்ற இருவர் கைது செய்யப்பட்டார்கள். அவர்கள் அப்பாவி ஆட்டக்காரர்கள் அல்ல, நிபுணர்கள்தான். ஆனால் மோசடி எதுவும் செய்யவில்லை. வழக்குப் போட்டார்கள், ஜெயித்தார்கள். 2005-ல் கிரிஃபின் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. சந்தேகத்துக்குக் காசு கொடுக்க வேண்டி வந்த அபூர்வமான இடம் அது.

வழக்கில் ஜெயித்தும் பலன் கிட்டாத இடமும் உண்டு. நியூ ஜெர்சி மாநிலத்தில் கென் யூஸ்டன் என்ற பேர்போன எண்ணுகிறவரை 1979-ல் ஒரு காசினோ வெளியேற்றியது. அவர் கோர்ட்டுக்குப் போனார். 1982-ல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம், எண்ணுகிறார் என்பதற்காகக் காசினோ தன்னிச்சையாக ஒருவரை வெளியேற்றக் கூடாது என்றது. அருமையான தீர்ப்பு. காசினோக்கள் என்ன செய்தன? ஆளை அனுப்ப முடியாவிட்டால் என்ன, கட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள், அடிக்கடி கலைத்தார்கள். ஆட்டம் எல்லோருக்கும் இழுபறியானது. மறுபடியும் யார் தலையில் விழுந்தது? எண்ணத் தெரியாதவர் தலையில்!

சரி, நம் நாட்டுக்கு வருவோம். விழுகிற சீட்டை ஞாபகம் வைப்பதைப் பற்றி நம் உச்ச நீதிமன்றம் என்ன சொல்லியிருக்கிறது தெரியுமா? செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் ரம்மி ஆடிக்கொண்டிருந்தவர்களைப் போலீஸ் பிடித்தது. மாஜிஸ்திரேட் தண்டனை கொடுத்தார், உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது, ஆந்திர அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1967-ல் நீதிபதி ஹிதாயதுல்லா தீர்ப்புச் சொன்னார். மூணு சீட்டு மாதிரி முழுக்க அதிர்ஷ்டத்தில் ஓடுகிற ஆட்டம் அல்ல ரம்மி. விழுகிற சீட்டை ஞாபகம் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதைப் போடுவது என்ற திறமை வேண்டும் என்றார். பாருங்கள்! எந்த ஞாபக சக்திக்காக லாஸ் வேகஸில் ஒருவரை வெளியே தள்ளுகிறார்களோ, அதே ஞாபக சக்தியைக் காட்டி நம் நீதிமன்றம் சிலரின் விடுதலையை உறுதி செய்தது.

அந்த வழக்கில் இன்னொரு நுட்பம் உண்டு. சூதாட்டச் சட்டங்களில் ஓர் அனுமானம் எழுதி வைத்திருக்கிறார்கள்: முறைப்படி சோதனை போட்ட இடத்தில் சீட்டோ தாயமோ கிடைத்தால், இல்லை என்று நிரூபிக்கும்வரை அது சூதாட்ட விடுதி என்றே கொள்ளலாம். சீட்டுக்கட்டு இருந்தாலே சந்தேகத்துக்குப் பாதி கிணறு தாண்டியாகிவிட்டது. செகந்திராபாத் கிளப் அந்த அனுமானத்தை உடைக்க உச்ச நீதிமன்றம் வரை வழக்காட வேண்டியிருந்தது. எத்தனை பேரால் போக முடியும்?

இந்த 1967 தீர்ப்பு பிற்பாடு பட்ட பாடு ஒரு தனிக் கதை. 1996-ல் கிண்டி குதிரைப் பந்தய வழக்கில், பந்தயம் திறமையைச் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2012-ல் சென்னை உயர் நீதிமன்றம், பணம் வைத்து ஆடினால் ரம்மியும் குற்றமே என்றது. அப்புறம் செல்போனுக்குள் ரம்மி வந்தது. கடன்பட்டு உயிரை விட்டவர்கள் செய்தி வந்தது. அதை ஆராய்ந்த நீதிபதி சந்துரு குழு அறிக்கை கொடுத்தது, 2022-ல் சட்டமன்றத்தில் ஆன்லைன் சூதாட்டத் தடை மசோதா நிறைவேறியது, ஆளுநர் திருப்பி அனுப்பினார், மறுபடி நிறைவேற்றி 2023 ஏப்ரலில் சட்டமானது. கம்பெனிகள் எதைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போயின? கிளப்பில் முகம் பார்த்து ஆடியவர்களைக் காப்பாற்றிய அதே தீர்ப்பை! 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஒத்துக்கொண்டது, ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலிலிருந்து விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் திறமை, அதிர்ஷ்டம் என்ற பிரிவே வேண்டாம், ஆன்லைனில் பணம் கட்டி ஆடுவது எதுவானாலும் தடை என்று சட்டம் செய்தது. எனக்கு அதில் வருத்தம் கிடையாது. "எனக்குத் திறமை இருக்கிறது" என்ற நினைப்பு 1962-ல் லாஸ் வேகஸில் என்ன செய்ததோ, அதையேதான் செல்போனிலும் செய்தது.

ஆனால் செல்போனுக்கு வெளியே, வேப்பமரத்தடியிலும் மன்றத்து வராந்தாவிலும் துண்டை விரித்து ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பணம் வைத்து ஆடுகிறவர் உண்டு. பொழுது போகாமல் கழுதை ஆடுகிறவரும் உண்டு. போலீஸ் ஜீப் வந்தால் இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் எழுந்து ஓடுவார்கள். ஓடியதே குற்றத்துக்குச் சாட்சியாகிவிடும். சட்டைப் பையில் இருக்கிற பால் காசு பந்தயப் பணமாகிவிடும். மறுநாள் பேப்பரில், "பணம் வைத்துச் சீட்டாடியவர்கள் கைது" என்று ஊர்ப் பெயரோடு, ஆள் பெயரோடு, வயதோடு வரும். பெண் பார்க்க வரும் வீட்டார் அதைப் படிப்பார்கள். ஆறு மாதமோ ஆறு வருடமோ கழித்து, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று கோர்ட் விட்டுவிடும். அந்தச் செய்தியை நீங்கள் எப்போதாவது பேப்பரில் படித்திருக்கிறீர்களா?

இந்தக் கூட்டத்துக்கு நிருபர் தம்பிகள் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு கோரிக்கை வைத்து முடிக்கிறேன். அமெரிக்காவில் தப்பைக் கல்லா காட்டிக் கொடுத்தது, வழக்கு காட்டிக் கொடுத்தது. நம் மாவட்டத்தில் அந்த வேலையைச் செய்ய உங்கள் குறிப்பேட்டைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. கைதான அன்று எழுதுகிற பெயரை ஒரு பக்கத்தில் தனியாகக் குறித்து வையுங்கள். மாதம் ஒருமுறை மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகும்போது அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போய், யார் வழக்கு என்ன ஆனது என்று கேளுங்கள். விடுதலையானவருக்கும், கைதுக்குப் போட்ட அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், நாலு வரி போடுங்கள். ஆசிரியர் இடமில்லை என்று சொன்னால் சூலக்கரைக் கூட்டத்தில் ஒத்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று சொல்லுங்கள்.